ஸ்னோ வழித்தவர்களின் பெயர்

பிளேஸ்டோ, லண்டன்.

அன்புள்ள மகன் நிர்மலனுக்கு,

திகதி சொல்லுங்கோ ஐயா என்று மாலினி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறாள். நம்பரில் திகதி எனக்கு என்றைக்குத் தெரிந்தது. வன்னியில் அடைபட்டுக் கிடக்கிற சனத்துக்காக நாங்கள் ஆயிரக்கணக்கில் ஆற்றங்கரையால் நடந்து போன சனிக்கிழமை ஒன்று வந்ததல்லவா, அது கழிந்த திங்கள் லண்டனில் ஒரு பஸ்கூட ஓடவில்லை, அந்த வருடம், அந்தத் திங்களுக்கு அடுத்த கிழமை, வியாழன் என்று எழுது பிள்ளை, என் மகன் கணக்குப் பிடிப்பான் என்றேன். மாலினியை உனக்குத் தெரியாது, எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிறாள், ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவள், எழுத்து அச்சுப்போல இருக்கும் என்கிறார்கள், எனக்கென்ன தெரியும். உன் அத்தான் வாமதேவனின் இடது கை முறிந்ததைத் தவிர நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்த ரொறன்ரோக் குளிரில் ஒரு தடிமன்கூட வராமல் இருக்கவேண்டும் என்று விடிய எழும்பியதும் முதல் வேலையாகக் கும்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ டெலிபோனில் கத்தியது அடுத்த அறைக்கும் கேட்டது. உங்களுக்கென்ன விசரே அப்பா, எழுபத்தெட்டு வயதில ஆற்றையோ வாசலுக்கு ஸ்னோ வழிக்கிறியள், அத்தான்ர கையையும் முறிச்சுப்போட்டியள், டிக்கெற் போடுறன், இஞ்ச வந்து சும்மா இருங்கோ என்றாய். நான் வாயைத் திறக்க முன் உன் அக்கா சுசிலா டெலிபோனைப் பறித்துவிட்டாள், அதனால் மறுமொழியை இப்படி அனுப்புகிறேன். வழித்தது நான்தான். திரும்ப ஸ்னோ விழுந்தாலும் வழிப்பேன். உன் ஊரில் வீட்டுக்கு முன்னால் அரை நாளுக்குள் வழிக்காவிட்டால் தண்டம் என்று வழித்துவிட்டு நீயே போன வருடம் முதுகு நோகிறது என்று அழுதாய். இங்கே வழித்தால் வழக்கு வரும் என்று வெருட்டுகிறார்கள். இரண்டு ஊரிலும் விழுவது ஒரே ஸ்னோ, ஆட்களைப் பயப்படுத்துகிற விதம்தான் வேறு.

நடந்ததை முறையாகக் கேள். எங்கள் பக்கத்துக் கதவு கத்தரின். வெள்ளைக்காரி, புருஷன் செத்துப் பன்னிரண்டு வருடம், சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி வான் வரும், சாரதி அவளைச் சில்லுக் கதிரையில் வைத்து உருட்டிப் போவான், இரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் நாலு மணித்தியாலம் கிடந்துவிட்டு வருவாள். அந்தத் திங்கள் ஸ்னோ கணுக்காலுக்கு மேலே நின்றது. மெயின் ரோட்டுக்கு உப்புப் போட்டார்கள், எங்கள் சின்ன ஒழுங்கைப் பக்கம் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை வான் மெயின் ரோட்டில் நின்றது, சாரதி நடந்து வந்து பார்த்தான், இதற்குள்ளால் கதிரை உருட்ட எனக்கு உத்தரவில்லை, பாதை வெளித்தால் வாறன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். புதன் காலையில் கத்தரின் ஜன்னலில் தட்டித் தன் காலைக் காட்டினாள். கால் இரண்டும் பொங்கிப்போய் சப்பாத்து ஏறவில்லை, மூச்சு இழுக்கிறது. எனக்கும் அவளுக்கும் பொதுவாகத் தெரிந்தது ஆறு சொல்கூட இல்லை, அந்தக் காலைப் பார்க்க ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. மாலினியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி நேர்ஸோடு பேச வைத்தேன். போன சனிக்குப் பிறகு மெஷின் இல்லை, வியாழனும் தவறினால் ஆள் தப்புவாள் என்று சொல்ல ஏலாது என்றாளாம் நேர்ஸ்.

அதே காலையில் எங்களுக்கு வாடகைக்கு வீடு தந்த கவுன்சிலின் வீட்டுக் கந்தோரிலிருந்து கடிதம் எல்லாக் கதவுக்குள்ளாலும் விழுந்தது. வாமதேவன் வாசித்துச் சொன்னார், பொதுப் பாதையில் குடியிருப்பவர்கள் கை வைக்கக்கூடாது, வழித்த இடத்தில் ஆராவது விழுந்தால் வழித்தவர்தான் பொறுப்பு. மாமா, வீடு என்ர பேரில கிடக்கு, நீங்கள் ஒரு கரண்டி அள்ளினாலும் நாளைக்கு வழக்கெண்டு கோட்டில நிக்கிறது நான்தான், சொல்லிப்போட்டன் என்றார். ஓம் தம்பி, நீர் ஷிப்டுக்குப் போம் என்றேன். அவர் வளைவில் திரும்பியதும் சுசிலாவின் கோழி வாட்டுகிற இரும்புத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன், ஸ்னோ அள்ளுகிற சவள் வாங்க ஒரு கடையிலும் இல்லை. அப்பா அது என்ர நல்ல தட்டு என்று பின்னால் கத்திக்கொண்டு வந்தவள், கத்தரினின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் விளக்குமாற்றோடு வந்தாள். மாலினி குப்பைவாரியோடு வந்தாள். மூலைக்கடைச் சண்முகராசா ஒரு மூட்டை கல்லுப்பைத் தோளில் கொண்டுவந்து போட்டுவிட்டு, அண்ணை ஸ்னோவைக் கருவாடு போடப் போறியளோ என்று கேட்டான். கேலியை விட்டிட்டு உப்பைப் பரவடா என்றேன். கத்தரின் ஜன்னலுக்குள் இருந்து கைத்தடியால் இங்கே மிச்சம், அங்கே மிச்சம் என்று காட்டி வேலை வாங்கினாள், மூச்சு இளைத்துக்கொண்டே வாங்கினாள். அவள் கதவிலிருந்து மெயின் ரோடு வரை என் அடியில் எண்பத்துநாலு அடி. இருட்ட முன் சீமெந்து தெரிந்தது. வியாழன் வந்த சாரதி பாதையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கதிரையை உருட்டினான். அன்று பின்னேரம் கத்தரின் திரும்பி வந்தபோது சப்பாத்துப் போட்டிருந்தாள்.

இனி, உனக்குக் கதை சொன்ன யாரோ திரித்துவிட்ட இடத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை, தைப்பூசமும் வருகிறது, சுசிலா வழக்கப்படி வாசல் படியைக் கழுவி மஞ்சள் தண்ணியும் தெளித்தாள். நானும் நின்று பார்த்தேன், நல்லது என்று நினைத்தேன், ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை. கால் மணித்தியாலத்தில் அந்தத் தண்ணி கண்ணாடியாகிவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்த வாமதேவன் முதல் படியில் கால் வைத்தார், அவ்வளவுதான். விழுந்து கிடந்தபடியே, மாமா, நான் சொன்னன் ஆரும் விழுவினம் எண்டு என்றார். ஓம் தம்பி, சொன்னீர், சொன்ன ஆளே விழுவார் எண்டு சொல்லேல்லையே என்றேன். சுசிலா அழுகிறாள், அவர் நோவில் முனகுகிறார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகனே, தண்ணி ஊற்றினது எங்கள் பிழை, அதை நான் எந்தக் கோட்டிலும் சொல்வேன். வழித்தது பிழையில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி என் தலையில் வைக்காதே. சனிக்கிழமை கத்தரினின் வான் வருகிற நேரம் இன்னும் ஒருக்கால் இறுகிக் கிடந்த ஐஸை நான் கொத்தினேன், பின்னால் உப்புச் சிந்துகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் வாமதேவன், இடது கையில் கட்டு, வலது கையில் உப்பு வாளி. நான் பார்க்கிறதைப் பார்த்துவிட்டு, வானுக்காகப் போடேல்ல, திரும்ப நான் விழாமல் இருக்கப் போடுறன் என்றார். உன் அத்தானை நீ போனில் கோழை என்று சொன்னது சரியில்லை.

இப்போது பிரச்சினை இது. முந்தாநாள் கந்தோரிலிருந்து மற்றக் கடிதம். பாதையில் கைவைத்ததும் ஒருவர் விழுந்ததும் தெரியவந்திருக்கிறதாம், அந்த வேலையில் சேர்ந்த எல்லோருடைய பெயரையும் எழுதி நாளைக்குள் கொடுக்கவேண்டுமாம், இனிச் செய்யமாட்டோம் என்று கையெழுத்தும் வேண்டுமாம். வாமதேவனுக்கு நேற்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. வீடு போனால் பிள்ளைகளோடு எங்கே போவது. மாலினியும் அதே கந்தோரின் வீட்டில்தான், சண்முகராசாவின் கடைக் கட்டடமும் அவர்களுடையதுதான். எனக்கு வீடு இல்லை, கடை இல்லை, இந்தக் கிழவனிடம் அவர்கள் எடுத்துக்கொண்டு போக ஒரு குடைகூட இல்லை. ஆகவே பெயர் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இனிச் செய்யமாட்டேன் என்பதற்கு மட்டும் என் பெருவிரல் விழாது. கத்தரினுக்குச் செவ்வாய் வியாழன் சனி இருக்கிறவரை எனக்கும் இருக்கிறது.

டிக்கெற் போடாதே. அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்குத் தடித்த சப்பாத்து வாங்கு. மருமகளைத் தனியாக ஸ்னோ தள்ள விடாதே, நீயும் இறங்கு, முழங்காலை மடித்துத் தள்ளு, முதுகால் தள்ளாதே. தள்ளின இடத்தில் தண்ணி ஊற்றாதே, இதை எங்களிடமிருந்து இலவசமாகப் படித்துக்கொள். போன் எடுத்தால் அக்காவிடம் வாசல் கழுவின கதையைக் கேட்காதே, அவளுக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கும் தலை குனியாமல் வாழவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

கந்தோருக்குக் கொடுத்த பெயர்களை உனக்கும் சொல்லிவிடுகிறேன், அவர்கள் விசாரித்தால் நீயும் ஒரே மாதிரிச் சொல்லவேண்டும். ஊரில் என்னோடு இருபத்தாறு வருடம் ரோட்டு வேலை செய்தவர்களைச் சொன்னேன், மாலினி ஆங்கிலத்தில் அழகாக எழுதினாள். மந்துவில் ஐயம்பிள்ளை, நெருப்புக்காய்ச்சலில் போனவன். கைதடி வல்லிபுரம், ஷெல் விழுந்து அதே ரோட்டில் கிடந்தவன். மிருசுவில் அப்புத்துரை, இடம்பெயர்ந்த இடத்தில் மருந்தில்லாமல் போனவன். தச்சன்தோப்புச் செல்லையன், போன மாசி கண்ணை மூடினவன். நாலு பேரையும் தேடிப்பிடித்து வழக்கு வைக்கட்டும். மாலினி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள், பிறகு, ஐயா, கந்தோர் ஆள் வந்து கதவு தட்டினா ஆரையெண்டு காட்டுறது, இதில இப்ப உயிரோட இருக்கிறது ஆர் என்று கேட்டாள். கடைசியாக ஒரு பெயர் போடு பிள்ளை, வந்தால் அவன் இருக்கிறான் என்றேன்:

உன் அப்பா
கதிரிப்பிள்ளை
(பெருவிரல் அடையாளம்)