அம்மா பாடின ரீல்

டிசம்பர் 9, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அம்மாவின் சமையல் வேலை போய்விட்டது. அதுவும் என்னால்.

ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் அம்மா பாடியதை ரீலாகப் போட்டேன். நான் உயிரை விடும் பாடகரே அதற்கு ஹார்ட் போட்டார்! தெரு முழுக்கக் காட்டிக் குதித்தேன். அம்மா சமைக்கப் போகும் ஆழ்வார்பேட்டை வீட்டம்மா போனுக்கும் அது போய்விட்டது. கிறிஸ்தவள் என்று தெரிந்து முன்பு இரண்டு வீட்டில் துரத்தியதால், அங்கே ஆறு வருஷமாக அம்மா பொட்டு வைத்துக்கொண்டுதான் போனாள்.

"வீடியோவை எடுத்துடு. இனிமே அந்தக் கூட்டத்துக்குப் போமாட்டேன்னு எங்க சாமி முன்னாடி சொல்லிட்டு நாளைக்கு வா" என்றாராம். ஆறு வருஷம் அம்மா கையால் சாப்பிட்ட வாய்!

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் அரிசி இரண்டு நாளைக்குத்தான் வரும்.

கர்த்தரே, நீர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்? கோபித்தாலும் பரவாயில்லை, கேட்கிறேன்.

ரீலை அழிக்கப் போனேன். அம்மா போனைப் பிடுங்கினாள்.

"இன்னாத்துக்கு அழிக்கிற? ஆறு வருசம் பொட்டுல மறைச்சதுக்கே கர்த்தர் மூஞ்ச பாக்க வெக்கமா கீது. இத்த வுடு."

அப்புறம் மெதுவாக, "அந்தப் பாட்டுக்காரரு மெய்யாலுமே ஹார்ட் போட்டாரா?"

நாலு தடவை பார்த்தாள். சத்தத்தைக் குறைக்கவே இல்லை.