ஜன்னலைத் திற

பெய்ரூட், ஆகஸ்ட் 13

நூனு, என் உயிரே,

"நீதான் என்னைப் புதைக்கணும்" என்றுதான் உன்னைக் கொஞ்சுவேன். நம் ஊர் அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தானே. வெள்ளிக்கிழமை நான் உன்னைப் புதைத்தேன். இனி என்ன சொல்லிக் கொஞ்சுவது?

துறைமுகத்தில் முதல் வெடி கேட்டபோது அடுப்படியில் கத்தரிக்காய்க்குள் அரிசியும் கறியும் அடைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா குளியலறையிலிருந்து கத்தினார்: "ஜன்னலைத் திறங்கடி! கண்ணாடி போயிடும்!" சண்டைக் காலத்துப் பழக்கம். திறந்திருந்தால் வெடியின் காற்று உள்ளே வந்து போய்விடும், கண்ணாடி தப்பும்.

இரண்டாவது வெடி சுவர் மாதிரி வந்து அறைந்தது. நானும் ஃப்ரிட்ஜும் ஒன்றாக விழுந்தோம். கூடத்துக்குத் தவழ்ந்து வந்தால் நீ ஜன்னலடியில் கிடக்கிறாய். கழுத்தில் கண்ணாடி. என் பாவாடையைச் சுருட்டி அழுத்தினேன். அது நனைந்து கைக்குள் சூடாக வழிந்தது.

உன் அம்மா


செப்டம்பர் 20

நூனு,

இன்று உன் அப்பா புதுக் கண்ணாடி வாங்கி வந்தார்.

"மழைக்கு முன்னாடி மாட்டிடணும், ஜமீலே."

"மாட்டு. அடுத்தது யாரைத் திறக்கச் சொல்லப் போறே? என்னையா?"

"சண்டைக் காலத்துல நீயும்தானே ஓடிப்போய்த் திறப்பே?"

"அப்பவே செத்திருக்கலாமே நான்!"

காப்பிப் பாத்திரத்தை எறிந்தேன். கண்ணாடி அவர் கையிலேயே நொறுங்கியது. ரத்தத்தை அவர் துடைக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வெறியேற்றியது. பூண்டு இடிக்கும் உலக்கையை எடுத்தேன். மாடிவீட்டு ஃபாதியின் அம்மா, உம் ஃபாதி, ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அவர் மலையில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

உன் அம்மா


நவம்பர் 8

நூனு, அம்மாவின் கண்ணே,

மழை. ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் படபடக்கிறது. யாராவது கதவை அடித்துச் சாத்தினால் மேஜைக்கடியில் புகுந்துகொள்கிறேன். உம் ஃபாதி குனிந்து பார்த்துத் திட்டினாள்: "எலிகூட உன்னைவிடத் தைரியமா வெளிய வருது. எழுந்திரிடி."

காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "தெருவுல அத்தனை புள்ளைங்களும் புகையைப் பார்க்க ஜன்னலுக்குத்தான் ஓடுச்சு. உன் மகளும் தானாவே போயிருப்பா. அந்த மனுஷன் அங்க ரொட்டியத் தொடாம கிடக்கிறான். வரச் சொல்லு."

நாளை அவள் மலைக்குப் போகிறாள். வா என்றோ வராதே என்றோ நான் சொல்லி அனுப்ப வேண்டும். அன்றைக்கு நான் அடுப்பைப் பார்த்து நின்றேன், உன்னைப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

நீயே சொல்லம்மா. அவர் கத்தும்போது நீ ஏற்கெனவே ஜன்னலில்தான் நின்றாயா, இல்லை அவர் சொல்லித்தான் எழுந்து போனாயா?