ஆஸ்கல்பியின் கடைசி ஆஸ்கல்பி

செப்டம்பர் 14, சனி

என் சொந்தக் குடும்பப் பெயரைப் பற்றி ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருக்க, நான் முன்வரிசையில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டேன். தம்பி டெஸ் முழங்கையால் இடித்து எழுப்பினான்.

“அக்கா, வாயை மூடு. கடல்தான் உள்ள வந்துடுச்சோன்னு எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.”

நான் என்ன செய்ய? காலை முழுக்கக் கடலோரக் கேரவன் பூங்காவில், வாடகைக்கு விடும் சக்கர வீடு ஒவ்வொன்றாகப் படுக்கை விரிப்பு மாற்றிய உடம்பு. ஊர் மண்டபத்தில் ஹீட்டர் வேறு கணகணவென்று எரிந்தது.

பேசியவர் லயனல் ஆஸ்கல்பி. டாஸ்மேனியாவில் பல் டாக்டராக இருந்தவர். பல் பிடுங்குவதை நிறுத்திய பிறகு, ஆஸ்கல்பி என்ற பெயர் உள்ளவர்களை உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து பிடுங்கி எடுக்கிறார். இன்று ஒரு பஸ் நிறைய அவர்களை இறக்கிவிட்டார். அத்தனை பேருக்கும் எங்கள் அப்பாவின் காது. பார்க்கவே சிரிப்பு வந்தது.

திரையில் உலக வரைபடம். ஆஸ்கல்பி இருக்கும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. டாஸ்மேனியாவுக்கு அம்மை போட்டிருந்தது. கனடாவில் ஒரு கொத்து. ஹல் நகரத்தில் ஒரு சிதறல். எங்கள் கடற்கரையில் மட்டும் ரெண்டே ரெண்டு.

“இதுல நான் எதுடா?”

“பெருசா இருக்கே, அது.”

கல்யாணத்தில் எனக்கு வேறு பெயர் வந்தது. புருஷன் பீட் ஓடிப்போனபோது அதையும் அவனோடு மூட்டை கட்டி அனுப்பிவிட்டேன். அதனால்தான் வரைபடத்தில் இன்னும் ஒரு புள்ளியாக இருக்கிறேன்.

கடைசியில் லயனல் டெஸ்ஸை எழுந்து நிற்கச் சொன்னார். ஆஸ்கல்பி கிராமத்தைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. மிச்சம் ஒரு வயல், ஒரு சந்து, சந்தின் முனையில் அப்பா கட்டிய வீடு. அங்கே டெஸ் தனியாக இருக்கிறான். நான் டவுனில் இருக்கிறேன், கணக்கில் வர மாட்டேன். “ஆஸ்கல்பி மண்ணில் வாழும் கடைசி ஆஸ்கல்பி இவர்தான்” என்றார் லயனல். மண்டபமே எழுந்து கைதட்டியது. ஆயுசு பூராவும் பீட்ரூட் லாரி ஓட்டியவன் என் தம்பி. அவனுக்கு யார் கைதட்டினார்கள் இதுவரை? காது ரெண்டும் சிவந்துபோய் நின்றான். நானும் தட்டினேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. கடல் நெருங்கும் வீடுகளைக் காலி செய்ய வைக்கும் கவுன்சில் அதிகாரி சமீனா புதன்கிழமை வருகிறாள். வீட்டைக் காலி செய்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிடுவதாக டெஸ் போன வாரம்தான் ஒத்துக்கொண்டிருந்தான். இனிமேல் சொல்வானா?

செப்டம்பர் 15, ஞாயிறு

எல்லாரையும் வயலுக்குக் கூட்டிப் போனோம். தார்ச்சாலை வேலி வரைக்கும் போகிறது, அப்புறம் ஆகாயம். கீழே கடல் தேநீர் நிறத்தில், எங்கள் களிமண்ணைக் குடித்துக் குடித்து. போன வசந்தத்தில் கோழிக்கூடு இருந்த இடத்தில் இப்போது கடற்காகங்கள் கால் தொங்கப் பறக்கின்றன.

புல்லில் ஒரு வெடிப்பு இருந்தது. டெஸ் மண்டியிட்டுக் கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் காட்டினான். எல்லாரும் படம் எடுத்தார்கள். யாரும் பின்னால் நகரவில்லை.

பிறகு, காற்று சரியாக வீசினால் கடலுக்கடியில் பழைய சர்ச் மணி கேட்கும் என்று சொன்னான். கனடாக்காரம்மா அழுதுவிட்டாள்.

“எப்படா மணி கேட்ட நீ?” என்றேன் தனியாக.

“இவ்வளவு தூரம் வந்திருக்காங்க அக்கா. வெறுங்கையோடவா அனுப்பறது?”

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 18, புதன்

நினைத்தபடியே ஆயிற்று. சமீனா பொறுமையான பெண். பாவம், ஷூவெல்லாம் சேறாக வந்து நின்றாள். ஹல்லில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு தயாராக இருக்கிறது என்றாள். நாள் தள்ளினால் வேறு யாருக்காவது போய்விடுமாம்.

டெஸ் சட்டையில் லயனல் குத்திவிட்ட ‘கடைசி ஆஸ்கல்பி’ பேட்ஜ். “ஆஸ்கல்பியை விட்டு ஆஸ்கல்பி போறதா? நல்லாருக்குமா?”

“ஐயா, மழைக்காலம் வருது. இந்த மண்ணு தண்ணி குடிச்சா கேக்கு மாதிரி உடையும்.”

“கேக்கு கொண்டு வந்தியா?” என்றான். அவள் சிரிக்கவில்லை. நானும்தான். கேலி என் இலாகா, இவன் எப்போது எடுத்துக்கொண்டான்?

செப்டம்பர் 22

மழை.

செப்டம்பர் 23

மழை. கேரவன் பூங்காவில் முன்வரிசைக் கேரவன்களைக் கடல் விளிம்பிலிருந்து பின்னால் இழுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

லயனல் ஊர் திரும்பியதும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். ஞாயிறுதோறும் டெஸ் போனில் நேரடியாகக் காட்ட வேண்டும். டாஸ்மேனியா, கனடா என்று உலகத்து ஆஸ்கல்பிகள் எல்லாம் உட்கார்ந்து பார்ப்பார்களாம். இன்று நான் போனபோது அதுதான் நடந்துகொண்டிருந்தது.

குச்சியில் போனை மாட்டிக்கொண்டு விளிம்பில் நடக்கிறான். அதிலிருந்து குரல்கள். “டெஸ், அலை தெரியலையே.” “இன்னும் கொஞ்சம் முன்னாடி.” “கீழே அந்தக் குழாய் தொங்குதே, அது உங்க வீட்டுதா?” நம் வீட்டுதுதான். சாக்கடைக் குழாய். மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிறது. வேலிக்கம்பம் ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஆடுகிறது.

ஒவ்வொருவர் சொல்லுக்கும் ஒரு அடி முன்னால் வைத்தான். நான் போய் அவன் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன், சின்னப் பிள்ளையில் செய்த மாதிரி. போனுக்குள்ளே ஒரே சிரிப்பு. “பாருங்க, அக்கா நங்கூரம் போட்டுட்டாங்க.”

“நங்கூரம் வெயிட்டுதான், கவலைப்படாதீங்க” என்றேன் நானும்.

பஸ்ஸில் ஏறும்போது டிக்கெட் காசைக் கீழே கொட்டிவிட்டேன். டிரைவர் என்ன ஆச்சு கண்ணு என்றான். குளிர் என்றேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒருத்தராவது பின்னால் வா என்று சொன்னார்களா?

அக்டோபர் 2, புதன்

சமீனா போன் செய்தாள். புது வெடிப்பு. கடல் பக்கம் இல்லை, வீட்டுக்குப் பின்னால், சாலைப் பக்கம். அதாவது வீடு இப்போது வெடிப்புக்கு அந்தப் பக்கம், கடலோடு சேர்ந்து நிற்கிறது.

டெஸ் அவளுக்குக் கதவைத் திறப்பதில்லை. சட்டப்படி வெளியேற்ற உத்தரவு வாங்க வாரக்கணக்கில் ஆகுமாம்.

“அது அத்தனை வாரம் நிக்காதுங்க கிளெண்டா” என்றாள்.

அக்டோபர் 4, வெள்ளி

லயனலுக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

“உங்க ஞாயித்துக்கிழமை வேடிக்கையை நிறுத்துங்க சார். அவன் சாகப்போறான்.”

“அவர் வயசு வந்தவர் கிளெண்டா. அவர் எடுத்த முடிவு. எங்களுக்கு அவர்தான் அந்தப் பெயரே. அவர் அங்க இருக்கிற வரைக்கும்—”

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. ஏன்யா, உங்க தாத்தனுக்குத் தாத்தன் ஓடிப்போயி ஆட்டு ரோமம் வித்து வசதியா இருந்தான், எந்தம்பி மட்டும் எதுக்குய்யா உங்க எல்லாருக்கும் சேத்து அங்க நிக்கணும்? எப்பவோ ஊரை விட்டுப் போனவங்களுக்கு இந்தப் பேரு எதுக்கு?

அதற்கு அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்துவிட்டது. பாடம் எடுக்க ஆள் கிடைத்த சந்தோஷம்.

“அதுதாங்க விஷயமே. ஊரை விட்டுப் போனவங்களுக்குத்தான் இந்தப் பேரு வரும். ஆஸ்கல்பிக்குள்ள எல்லாருமே ஆஸ்கல்பிக்காரங்க, அங்க யாரு யாரை அப்படிக் கூப்பிடப் போறாங்க? ஒருத்தன் கிளம்பி ஹல் சந்தைக்குப் போயி அங்கயே தங்கினான். அங்க ஜான்னு பத்துப் பேரு. இவனை ‘ஆஸ்கல்பி ஜான்’னு சொன்னாங்க. உங்க குடும்பமும் அப்படிப் போயி, நாலஞ்சு தலைமுறை கழிச்சுத் திரும்பி வந்ததுதான். ஆஸ்கல்பியிலேயே தங்கிட்டவன் ஒருத்தனுக்கும் அந்தப் பேரு இல்லை. இதை நான் கூட்டத்துலயே சொன்னேனே.”

“தூங்கிட்டேன்.”

“தெரியும். கேட்டுச்சு.”

அப்புறம் சொன்னேன்: “இதை அவன்கிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா கேலின்னு நினைப்பான். எல்லார் முன்னாடியும் கைதட்டினீங்க இல்ல, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

யோசிக்கிறேன் என்றார்.

அக்டோபர் 6, ஞாயிறு

சொன்னார். நல்லபடியாகத்தான் சொன்னார், பல் டாக்டர் குரலில், கொஞ்சம் வலிக்கும் என்பது போல. டெஸ், கிளம்பிப் போவதுதான் இந்தப் பெயருக்கு ஆரம்பம், இனி நீங்கள் அங்கே நிற்க வேண்டாம், நாங்களும் பார்க்க மாட்டோம்.

டெஸ் குச்சியைப் பிடித்தபடி நின்றான். கோட்டை நான் பிடித்திருந்தேன். காற்று.

“அப்ப இத்தனை நாளா நான் யாரு?” என்றான்.

போனுக்குள் இருந்தவர்கள் வாய் திறக்கும் முன் அணைத்துவிட்டான்.

வா டெஸ், என்னோடு வா என்றேன். என் கையைக் கோட்டிலிருந்து விரல் விரலாக எடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான்.

அக்டோபர் 8

போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

நேரில் போனேன். திறக்கவில்லை. வெடிப்பை ஒரே எட்டில் தாண்ட முடியவில்லை, பலகை போட்டு வைத்திருக்கிறான். கதவில் இருக்கும் தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினேன். உள்ளே அவன் செருப்புக் கால் மட்டும் தெரிந்தது.

“மீன் வாங்கிட்டு வந்திருக்கேன்டா.”

“வேணாம்.”

துவாரம் வழியே தள்ளிப் பார்த்தேன். பாதி போயிற்று. மீதி நுழையவில்லை.

“எடுத்துக்க, இழு.”

“போ அக்கா. நீ சிரிச்சுட்டே எல்லாத்தையும் புடுங்கிடுவ.”

இதை எழுதலாமா என்று யோசித்தேன். சொன்னது அவன். கேட்டது நான். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 11

காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிட்டது. கடலிலிருந்து நேராக அடிக்கிறது.

அக்டோபர் 12, சனி

சாலையை மூடிவிட்டார்கள். பஸ் இல்லை. கேரவன் பூங்காவைக் காலி செய்கிறார்கள், என்னையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சமீனா காலையில் போலீஸோடு தடுப்பு வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறாள். சமையலறைப் பக்கம் இல்லையாம். அப்படித்தான் சொன்னாள் — இல்லை. சுவரில் மாட்டிய காலண்டர் வெளியே தெரிகிறதாம். கூப்பிட்டுப் பார்த்தார்களாம், பதில் இல்லை.

லயனல் போன் செய்தார். டெஸ் கிடைத்தானா என்று கேட்டார்.

அவனுக்கு இருக்கிற ஒரே பிடிமானத்தை, அதுவும் ஒரு பல் டாக்டரை வைத்து, பிடுங்கச் சொன்னவள் நான்தான். அந்தப் பேட்ஜோடவே விட்டிருந்தா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை கோட்டையாவது பிடிச்சிருப்பேனே. இப்ப எதைப் பிடிக்கிறது? கதவைப் பூட்டிக்கிட்டு உக்காந்தானா? உக்காந்தே இருந்தானா?

டெஸ்ஸூ.

அக்டோபர் 13, ஞாயிறு

காற்று தணிந்ததும் சமீனாவின் காரில் போனோம். தடுப்புக்கு இந்தப்புறம், சந்து பெரிய சாலையில் சேருமிடத்தில், பஸ் நிழற்குடை. அதற்குள்ளே டெஸ். மடியில் கெட்டில். பக்கத்தில் துணிப்பை. கோட்டுக்கு மேல் கோட்டாக மூன்று. உதடு நீலம்.

கார் நிற்கும் முன்னே கதவைத் திறந்து இறங்கப் போனேன். சமீனா பிடித்துக்கொண்டாள்.

“எப்படா வந்த?”

“நேத்து மத்தியானம். பஸ்ஸே வரல.”

“ரோட்டை மூடிட்டாங்கடா.”

“யாரும் சொல்லல.”

காரில் பின்சீட்டில் அவன் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். ஏன் கிளம்பினாய் என்று கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: “பாக்க ஆள் இல்லாம அங்க உக்காந்து என்ன பண்றது?” என் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 23, சனி

ஹல். மூன்றாவது மாடி, நல்லவேளை வேறு யாருக்கும் போகாத அதே வீடு. பூங்கா குளிர்காலத்துக்கு மூடியதால் எனக்கு வேலை இல்லை, நானும் இவனோடு இருக்கிறேன். இங்கிருந்து கடல் தெரியாது, ஒரு கார் நிறுத்துமிடமும் ஒரு சர்ச்சும் தெரியும். டெஸ் இன்னும் மழை பெய்தால் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறான். கீழ் வீட்டுக்காரர் யார் நீங்கள் என்று கேட்டதற்கு, பெயரைச் சொல்லிவிட்டு, எந்த ஊர் என்று கேட்கும் முன் படியேறி வந்துவிட்டான்.

எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து கடல் பக்கச் சுவரில் கனமான சாமான் வைக்கும் பழக்கம் இல்லை. வெடிப்பு வந்தால் எல்லாவற்றையும் சாலைப் பக்கம் நகர்த்துவோம். இன்று காலை நான் குளித்துக்கொண்டிருக்கையில் டெஸ் பெரிய அலமாரியை ஜன்னல் பக்கத்திலிருந்து தள்ளி உள்சுவரோரம் வைத்திருக்கிறான். அந்தச் சுவரில்தான் குளியலறைக் கதவு இருக்கிறது. அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு, இப்போது திறக்காது. வைத்துவிட்டு, ரொட்டி வாங்கப் போறேன் என்று குரல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். தொட்டியில் கிடந்தபடி எழுதலாம் என்று நோட்டை உள்ளே கொண்டுவந்திருந்தேன்; இப்போது அதன் விளிம்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தண்ணீர் ஆறிவிட்டது. துண்டு வெளியே இருக்கிறது.