முகர்ந்து மட்டும் பார்த்த பர்கண்டி

4 நவம்பர் 1997, செவ்வாய்

கந்தசஷ்டி விரதத்தின் நான்காம் நாள். இன்று வேலையில் பொய் சொல்லிவிட்டேன்.

ஈஸ்ட் டாமாக்கியில் உள்ள எங்கள் வைன் ஸ்டோரில் முதலாளி பீட்டர் பர்கண்டி என்ற பிரெஞ்சுச் சிவப்பு வைனைக் கிளாசில் ஊற்றித் தந்தார். 94ஆம் வருடத்து வைன். குளிரும் மழையுமாக, திராட்சை சரியாகப் பழுக்காத வருடம். வாங்கலாமா என்று சுவைத்துச் சொல்வதுதான் என் வேலை. ஆனால் வாயில் விட்டுத் துப்பினாலும் விரதம் போய்விடும். அவர் ஃபோனை எடுக்கத் திரும்பியபோது முகர்ந்து மட்டும் பார்த்தேன். செர்ரிப் பழ வாசனை நன்றாகவே இருந்தது. கிளாசை வாளியில் கவிழ்த்துவிட்டு, வாங்கலாம் என்றேன். நாளைக் காலை ஆர்டர் ஃபேக்சில் போகிறது.

மனம் கேட்காமல் மிச்சப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி வசந்தி விரதம் பிடிப்பதில்லை.

"பயப்பிடாதேங்கோ, நான் பாக்கிறன்" என்று ஒரு கரண்டி வாயில் விட்டாள். வாழ்நாளில் முதல் தடவை.

"என்னப்பா இது? பச்சை வாழைக்காயைக் கடிச்ச மாதிரி நாக்கெல்லாம் கயர்க்குது."

பழுக்காத திராட்சை அப்படித்தான். மூக்குக்கு அது தெரியாது.

காலையில் பீட்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். வசந்தியிடமும் ஒன்றைச் சொல்லவில்லை. ஸ்டோரின் பின்பக்கம் வேறொரு சிவப்பு வைன் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. அது ஏன் விற்கவில்லை என்று பீட்டர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அதையும் நான்தான் நல்லதென்றேன். போன வருடக் கந்தசஷ்டியில்.