அப்பா மாட்டிக்கொண்ட இடம்

காஞ்சிபுரம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள குழலிக்கு அம்மா எழுதுவது. டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம், இந்த முறை அதை மனசாரவே எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுகை வந்துவிடும், பக்கத்து வீட்டுச் சம்பூர்ணத்தின் மகள் அங்கே வருகிறாள் என்றதும் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். உன் தம்பி பேசிவிட்டான் குழலி.

போன வருஷம் மூளைக்காய்ச்சலில் காது போனதிலிருந்து தினகரன் இருந்த இருப்பு உனக்குத் தெரியும், புடவை டிசைன் போடும் வேலையை விட்டான், பிறகு பேச்சையும் விட்டான். குரலில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னார், ஆனாலும் எதைக் கேட்டாலும் போனில் தட்டிக் காட்டுவான், இல்லையென்றால் தலையாட்டுவான். நான் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்போதுதான் நீ அந்த வலைத்தள முகவரியை அனுப்பினாய். பழைய காலத்துக் கம்ப்யூட்டர் சாகச விளையாட்டுகள், சின்னச் சின்னக் கட்டமாகத் தெரியும் படத்தில் ஒரு ஆளை நடக்கவைத்து, கிடைத்ததை எடுத்து, எதிரில் வருகிறவரிடம் பேசி, பூட்டிய கதவைத் திறக்க வழி கண்டுபிடிக்க வேண்டும். ஏற்கெனவே அறைக்குள் அடைந்து கிடக்கிறவனுக்கு இது வேறா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அதில் யார் பேசினாலும் தலைக்கு மேலே எழுத்தாக வருகிறது, காதே வேண்டாம். ஒன்று மாற்றி ஒன்று விளையாடினான், பிறகு அங்கேயே இலவசமாகக் கிடைத்த மென்பொருளை இறக்கி, அதற்கான பாடங்களையும் படித்து, தானே ஒரு விளையாட்டு செய்ய ஆரம்பித்தான். சந்தேகத்தை எழுதிப் போட்டால் எந்த நாட்டிலிருந்தோ யாராவது பொறுமையாகப் பதில் எழுதுகிறார்கள். கட்டம் கட்டமாகப் புடவைக்கு டிசைன் போட்ட கைதானே, படம் வரைவது அவனுக்குச் சுலபமாக வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் கூரைப்புடவையைப் பஸ்ஸில் விட்டுவிட்ட ஒரு பெண் அதைத் தேடி அலைவதுதான் அவன் கதை. தென்னேரி ஏரிக்கரை ஒரு காட்சியில் வருகிறது, அதை நேரில் பார்த்துத்தான் வரைவேன் என்று எழுதிக் காட்டிவிட்டு, அவனாகவே சட்டையை மாட்டிக்கொண்டு அப்பாவின் வண்டியில் ஏறினான். விளையாட்டை முடித்ததும் அந்தத் தளத்திலேயே ஏற்றினான். பிரேசிலில் இருக்கும் ஒருவர், பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் விளையாட்டு அப்படியே நின்றுவிடுகிறது என்று எழுதினார், உட்கார்ந்து சரிசெய்தான். உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, "எங்கியோ இருக்கிறவன் ஆடுறான், நான் ஆடக்கூடாதா" என்று தறியை விட்டு எழுந்து வந்தார். பூக்காரம்மா வழிவிடாமல் நிற்கும் இடத்தில் மாட்டிக்கொண்டு, மேசையைத் தட்டித் தினகரனிடம் திரையைக் காட்டினார். அவன் போனை எடுக்கவில்லை. "அந்தக் குடையைக் குடுத்துப் பாருப்பா, அந்தம்மா வெயில்ல நின்னுக்கினு இருக்குது" என்றான், வாயால். அடுப்பங்கரையில் இருந்த எனக்குக் கேட்டது, எட்டிப் பார்த்தேன். உன் அப்பா திரும்பவே இல்லை, திரையையே பார்த்தபடி குடையைக் கொடுத்தார், ஆனால் அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் மாட்டாத இடமில்லை. திறந்திருக்கும் கதவுக்கு முன்னாலும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இவன் வாயைத் திறக்க வேண்டும் என்பதற்காக. நேற்று, "நடிக்காதப்பா, இந்த ரூமை நீ முந்தாநாளே தாண்டிட்டே, நான் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி இவர் முழித்த முழியை நீ பார்த்திருக்க வேண்டும். காது திரும்பவில்லை, அது தெரிந்ததுதான். ஆனால் டிசைன் கடைக்காரர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார், போகிறேன் என்கிறான். இனிமேல் நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

அங்கே குளிர் என்கிறாய், ஈரத்தலையோடு வெளியே போகாதே. உங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாமல் இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். ஒன்றை மறக்காதே, தம்பியை வீடியோவில் கூப்பிடு, ஜன்னலைப் பார்த்து உட்கார், உன் உதடு அவனுக்குத் தெரிய வேண்டும். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவன் சத்தமாகத்தான் பேசுவான். மெதுவாகப் பேசு என்று கையைக் காட்டிவிடாதே. எங்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் போதவில்லை.

உன் அம்மா,
துர்காதேவி