வெள்ளோட்டம் விட்டது யார், சார்?

சார்,

அலமாரியை ஒழிக்கும்போது ஒரு ஃபிளாப்பி கிடைத்தது. நீங்கள் வைத்த சந்தனப் பொட்டு அதில் காய்ந்து வெடித்திருக்கிறது. நீங்கள் போய் நாலு மாதமாகிறது. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது மட்டும் திட்ட விட்டீர்களா?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த மாடி அறை. தொண்ணூறுகளின் கடைசி. நாலு பேர், இரண்டு கம்ப்யூட்டர். நான் நேற்று வந்தவள், நீங்கள் எங்களுக்கு மேலாளர். எழுதி முடித்த புரோகிராமுக்கு வெள்ளிக்கிழமை பூசை போடுவீர்கள். அதற்கப்புறம் அதில் யாரும் குற்றம் பார்க்கக்கூடாது, பார்த்தால் விளங்காதாம். சோம்பேறித்தனத்துக்குத் திருநீறு பூசிவிட்டால் போதும் உங்களுக்கு.

நூல் மில்லுக்கு வருகைப் பதிவு புரோகிராம் எழுதினோம். ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவரை விழுங்கிவிடுகிறது என்று முன்பே சொன்னேன். "அபசகுனமா வாய வைக்காதம்மா" என்றீர்கள். முதல் நாளே முத்துலட்சுமி என்ற அக்காவை, பட்டியலில் பேரில்லை என்று, தூக்குச்சட்டியும் கையுமாக கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மில்லிலிருந்து போன் வந்தது. நான் எதிரிலேயே நிற்கிறேன். வாய் கூசாமல் சொன்னீர்கள்: "புதுசா வந்த பொண்ணு பண்ணிருச்சுங்க."

மறுநாள் சரிசெய்ய என்னையே அனுப்பினீர்கள். "இந்தப் பொண்ணுதான்" என்று மில் கிளார்க் அந்த அக்காவிடம் என்னைக் கைகாட்டினார்.

அன்றே வேலையை விட்டிருப்பேன். விட்டால் பழி உண்மையாகிவிடுமே. அதனால் உங்கள் வழிக்கே வந்தேன். தேருக்கே வெள்ளோட்டம் விட்டுத்தானே சாமியை ஏற்றுகிறார்கள் என்று கேட்டேன். சாமிப் பேச்சு வந்ததும் அடங்கிவிட்டீர்கள். அடுத்த புரோகிராமைப் பூசைக்கு முன்னால் அந்த கிளார்க்கையே உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தோம். பிழை அம்புட்டும் வெளியே வந்தது. மறுமாதத்திலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், வெள்ளோட்டம் விடாமல் எதையும் கொடுப்பதில்லை என்று மார்தட்டினீர்கள். இரங்கல் கூட்டத்திலும் அதைத்தான் உங்கள் சாதனை என்றார்கள். நான் குனிந்து டீயைக் குடித்தேன்.

அது போகட்டும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் தாடிக்கொம்பு பஸ்ஸில் முத்துலட்சுமி அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. என்னையே செத்த நேரம் உற்றுப் பார்த்தார்.

"என்னைய கேட்டுல நிறுத்துன கம்ப்யூட்டர் பொண்ணு நீதான?"

நான் இல்லை அக்கா என்றேன். அவர் நம்பவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நம்பும்படி சொல்ல ஒரே ஒரு வாய்தான் இருந்தது, சார். அதை நாலு மாதத்துக்கு முன்னால் எரித்துவிட்டு வந்தோம்.