பதினான்கு மணி நேரம்தான்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உள்ளே இருந்து உன்னை உதைக்கிற சின்ன ஆளும் சுகமாக இருக்க வேண்டும். போன மாதம் போனில் உன்மேல் எரிந்து விழுந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரசவத்துக்கு வாம்மா, விமானத்தில் பதினான்கு மணி நேரம்தான் என்றாய். என்னை வரவழைக்கப் பொய் சொல்கிறாய் என்று கத்திவிட்டேன். ஏன் தெரியுமா, நம் தையல் கடைச் சுவரில் இருக்கிற உலகப் படத்தில் இஞ்சு டேப்பை வைத்து உன் ஊர் வரை அளந்து பார்த்திருந்தேன். பதினாறாயிரம் கிலோமீட்டர் வந்தது. மணிக்குத் தொள்ளாயிரம் என்றாலும் பதினெட்டு மணி நேரம். டாக்டரோ இந்தக் கால் வீக்கத்தோடு பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

போன வாரம் கவுனுக்கு அளவு கொடுக்க வந்த பூகோள டீச்சர், படத்தில் நான் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் பள்ளிக்கூடத்து உலக உருண்டையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதன்மேல் டேப்பை இழுத்துப் பிடித்தால், அது தானாக மேலே ஏறி, வடதுருவப் பனிக்கட்டிப் பக்கமாகப் போய் உன் ஊரில் இறங்குகிறது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுதான், பதினான்கு மணி நேரம்! முப்பது வருஷமாகத் தோளையும் இடுப்பையும் வளைத்து அளக்கிறவள், பூமியை மட்டும் விரித்துப் போட்ட துணி மாதிரி அளந்திருக்கிறேன் பார். நீ சொன்னதுதான் சரி கண்ணு, அம்மாவை மன்னித்துவிடு. டாக்டரும் மணிக்கொரு தடவை எழுந்து நடந்தால் தாராளமாகப் போகலாம் என்றுவிட்டார். டிக்கெட் போட்டாயிற்று. வியாழன் காலை ஏழு மணிக்கு ஏறினால் உங்கள் ஊர்க் கடிகாரப்படி அதே வியாழன் காலை ஒன்பதுக்கு உன் ஊராம். அப்பா பஸ் ஓட்டின காலத்தில் இப்படி ஒரு டைம் ஷீட்டைப் பார்த்ததில்லையாம், இரண்டு மணி நேரப் பயணத்துக்கா இவ்வளவு கட்டணம் என்று டிக்கெட்காரரோடு மல்லுக்கு நிற்கிறார். நடுவில் டீ குடிக்க எங்கே நிறுத்துவான் என்று வேறு கேட்டார். அவர் முழங்காலுக்கு இந்தப் பயணம் ஆகாது, உன் அக்கா வீட்டில் இருந்துகொள்வார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கால் வீக்கம் பாதி சாக்குத்தான். வருவதற்கு நான் பயப்படவில்லை. குழந்தையை மூன்று மாதம் மடியில் வைத்திருந்துவிட்டு உன்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டுமே, அந்தப் பதினான்கு மணி நேரத்தை நினைத்துத்தான் பயந்தேன். இப்போதும் பயம்தான். ஆனாலும் வருகிறேன்.

கனமான எதையும் தூக்காதே, படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. மாப்பிள்ளையை ஒன்பது மணிக்கே வந்து நிற்கச் சொல், எனக்கு அந்த ஊர்ப் பாஷை வராது. தாயும் பிள்ளையுமாக நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு: திரும்புகிற தேதி என்ன என்று டிக்கெட்காரர் கேட்டார். அதை இப்போது போட வேண்டாம் என்றேன். அப்பாவிடம் சொல்லாதே.